தொப்பிப் பாட்டும் ஒரு முன்பல்லும்

டாக்டரம்மாவுக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. சினிமா, பாட்டு, காமெடி என்று வந்துவிட்டால் அந்த அபிப்பிராயத்துக்குக் கையும் காலும் முளைத்துவிடும். நேற்று வெளிவந்த படத்துக்கு இன்று காலை பல் தேய்க்கும்போதே தீர்ப்பு எழுதிவிடுவார். ஆனால் வீட்டில் கேட்க ஆளில்லை. புருஷனிடம் சொன்னால் "ஆமாம்மா" என்பார். மகளிடம் சொன்னால் அவள் காதில் ஏற்கெனவே ஏதோ மாட்டியிருக்கும். ஆகவே மொத்தச் சரக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்து சேருவார். அங்கேதான் ஆட்கள் மல்லாந்து படுத்து, வாயைப் பிளந்துகொண்டு, எதிர்த்து ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் கிடப்பார்கள்.

"ரீமேக்னு ஒண்ணு எடுத்திருக்கான் பாருங்க, செட்டுப்பல் மாதிரி இருக்கு. வரிசை நல்லாத்தான் இருக்கு, ருசிதான் தெரியல" என்பார். பேஷண்ட் "ஆ" என்பார். "படம் மூணரை மணி நேரமாம். அதுல பாதி ஹீரோ நடந்து வர்றான். அவன் நடக்கிறதைப் பார்க்கவா டிக்கெட் வாங்கினோம்?" என்பார். பேஷண்ட் "ஆங்" என்பார். இந்த ஆவையும் ஆங்கையும் வைத்துக்கொண்டு உலகமே தன் கட்சி என்று டாக்டரம்மா நம்பிவிட்டார். வாய் நிறையப் பஞ்சும் இரும்புமாக இருப்பவர் வேறு என்னதான் சொல்ல முடியும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவருடைய புருஷன். இன்சூரன்ஸ் ஆபீஸில் ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்காமல் மனைவிக்கு ஒத்தாசையாக வந்தவர். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பேஷண்டின் கடைவாயில் பிடிப்பது, கருவிகளைச் சுத்தம் செய்து அடுக்குவது, வருபவர்களை வெளியே உட்கார வைத்துச் சமாதானம் சொல்வது எல்லாம் அவர் பாடு. பேஷண்டுகள் அவரைக் கம்பவுண்டர் என்றே கூப்பிட்டார்கள். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் பழகிவிட்டது. இப்போது யாராவது சார் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் பிற்பகல் கம்பவுண்டர் துடைத்த குழாயையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் படுத்திருந்த பையன் யார் என்பது அவருக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அதுதான் விவகாரம்.

ஊரெல்லாம் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. வீடியோவில் எல்லோரும் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு ஆடியதால் தொப்பிப் பாட்டு என்றே ஆகிவிட்டது. இசையமைத்தவனைத் தொப்பிக்காரன் என்றார்கள். அவன் மூக்கு வரை தொப்பியை இறக்கி, அதற்குக் கீழே ஒரு துணியையும் கட்டிக்கொண்டு வருவான், முகம் தெரியாது. ஆட்டோவில், கடையில், போன் மணியில் எல்லாம் அந்தப் பாட்டுதான். அதைக் கேட்ட முதல் நாளே டாக்டரம்மா சாப்பாட்டு மேஜையில் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பாட்டைப் போட்டவன் மட்டும் என் வீட்டு வாசல்படியை மிதிக்கக் கூடாது."

கம்பவுண்டர் வழக்கம்போல "ஆமாம்மா" என்றார். மகள் மட்டும் காதிலிருந்ததை மெல்லக் கழற்றினாள். வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சேர்க்கும் வேலை அவளுக்கு. தொப்பிப் பாட்டின் வீடியோவும் அவள் கைவண்ணம்தான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தொப்பிக்குக் கீழே இருந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதும், கட்டிக்கொண்டால் அவனைத்தான் என்று அவள் முடிவு செய்திருந்தாள் என்பதும் அதைவிடத் தெரியாது.

மறுநாள் அவள் அப்பாவைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினாள். கம்பவுண்டர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"இப்ப சொல்ல வேணாம்பா. முதல்ல அவர் பல்லை அம்மா பார்க்கட்டும்."

"பல்லையா?"

"அம்மா வைத்தியம் பார்த்த யாரையாவது அப்புறம் அவங்களுக்குப் பிடிக்காம போயிருக்கா? யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தார். உண்மைதான். வண்டியை வாசலில் குறுக்கே நிறுத்துகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு டாக்டரம்மாவுக்குப் பேச்சு வார்த்தையே இல்லாமல் இருந்தது. ஒரு நாள் அந்த மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல்லைப் பிடுங்கி அனுப்பிய மறுநாளிலிருந்து, அதே வண்டிக்கு டாக்டரம்மாவே இடம் ஒதுக்கிக் கொடுக்கிறார். பிறத்தியார் வலியைக் கையில் வாங்கிய பிறகு அவருக்குக் கோபம் நிற்காது. தொப்பிக்காரனுக்கும் நிஜமாகவே கடைவாய்ப்பல்லில் வலி இருந்தது. பல் சரியாகி, ஆளும் பிடித்துப்போன பிறகு விஷயத்தை அவிழ்க்கலாம் என்பது மகளின் திட்டம்.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் உலகத்திலேயே டாக்டரம்மாவின் வாய்க்குப் பூட்டு இல்லாத ஒரே அறைக்கு அவனை அனுப்புகிறோம் என்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

பையன் தொப்பிக்காரன் என்று காட்டிக்கொள்ளாமல், வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி உள்ளே வந்தான். ஒல்லியான ஆள், சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தான். பேசும்போதெல்லாம் கை தானாக வாயருகே போய் மறைத்துக்கொண்டது. ஏனென்று வாயைத் திறந்ததும் தெரிந்தது. மேல் வரிசை முன்பல் ஒன்றின் முனை உடைந்திருந்தது.

"மைக் இடிச்சிடுச்சு டாக்டர். காலேஜ்ல. கடைவாய்ப்பல் முடிஞ்சதும் இதையும் சரி பண்ணிடணும்."

"பண்ணிடலாம் தம்பி. முதல்ல வலிக்கிறதைப் பார்ப்போம். ஊசி போடறேன், கால் மணியில உதடு மரத்துடும்."

கம்பவுண்டர் கொப்பளிக்கத் தண்ணீர் வைத்தார். ஒரு கணம் தயங்கி, பிளாஸ்கிலிருந்து கொஞ்சம் வெந்நீர் கலந்து வைத்தார். அது அவரை அறியாமல் வந்த மரியாதை.

உதடு மரத்தது. வாய் திறந்தது. டாக்டரம்மாவும் திறந்தார்.

முதலில் ஒரு காமெடியன் மாட்டினான். மேடையில் யாரையோ கிண்டல் செய்துவிட்டு, கூச்சல் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டவன். "ஜோக் சொன்னா சொன்னதுதான். அப்புறம் என்ன மன்னிப்பு? பல்லைப் பிடுங்கிட்டுத் திருப்பி ஒட்ட முடியுமா?" பையன் "ஆ" என்றான். அப்புறம் ஒரு விருது விழா. அப்புறம் பிரிந்து போன ஒரு நட்சத்திர ஜோடி. "பிரியட்டும், அவங்க பாடு. பிரியறதுக்கு எதுக்குப் போட்டோ எடுக்கிறாங்க?" பையன் "ஆங்" என்றான். கம்பவுண்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். இப்படியே ஜோடிகளைப் பிரித்துக்கொண்டே பல்லை அடைத்து முடித்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு போன் அடித்தது. தொப்பிப் பாட்டு.

"கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா. கருவியை இறக்கி வைத்துவிட்டார். அது கெட்ட சகுனம் என்று கம்பவுண்டருக்குத் தெரியும். "இதைப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு தம்பி."

கம்பவுண்டர் குழாயின் வேகத்தைக் கூட்டினார். அது சர்ரென்று இரைந்தது. டாக்டரம்மா அதற்கு மேலே குரலை உயர்த்தினார்.

"அந்தப் பொண்ணு பாடுது. நல்ல குரல். ஆனா பாட்டு முழுக்க ஒரு இடத்துலகூட மூச்சே வாங்கல. மனுஷின்னா மூச்சு வாங்குவா இல்ல? எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டான் அந்தப் படுபாவி. நான் நாள் பூரா வாய்க்குள்ளயே குடித்தனம் பண்றவ. வாயிலேருந்து வர்ற பாட்டு எது, டப்பாவுலேருந்து வர்ற பாட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? ஏங்க, எதுக்கு இவ்வளவு இரைச்சல்? குழாயைக் குறைங்க."

கம்பவுண்டர் குறைத்தார். பையனின் கண்கள் கூரையைப் பார்த்தபடி இருந்தன. காது நுனி சிவந்துபோயிருந்தது. மகளின் கல்யாணம் தன் கண்ணெதிரில், தான் பிடித்திருக்கும் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று கம்பவுண்டருக்குத் தோன்றியது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"இன்னும் கேளுங்க," என்று பல்லை அடைத்தபடியே தொடர்ந்தார் டாக்டரம்மா. "ரெண்டாவது சரணம் எதுக்கு? முதல் சரணமே வேற சட்டை மாட்டிட்டு வந்து நிக்குது. ஆனா ஒண்ணு சொல்லணும். முடியற இடத்துல யாரோ ஒரு பையன் தனக்குத்தானே முணுமுணுக்கிறான். வார்த்தை கிடையாது. மூச்சு வாங்குறப்ப மெல்லிசா ஒரு விசில் கேட்கும். அவனுக்கு முன்பல்லு உடைஞ்சிருக்கு, நான் எழுதித் தரேன். அந்த இடம் பாட்டு. அது ஒண்ணுதான் பாட்டு. அதுக்காகவே தினமும் கார்ல வர்றப்ப முழுசையும் கேட்டுத் தொலைக்கிறேன்."

அப்போதுதான் கம்பவுண்டருக்கு உறைத்தது. தினமும் திட்டிக்கொண்டே அந்தப் பாட்டை மனைவி ஏன் போடுகிறாள் என்று அவரும் இத்தனை நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

அடைத்த மருந்து இறுகுவதற்காக டாக்டரம்மா நீல விளக்கை எடுத்துப் பல்லருகே பிடித்தார். அந்த நேரத்தில் மட்டும் அவர் பேசமாட்டார், கை ஆடக் கூடாது. அறை அமைதியானது. பின்பக்க அறையிலிருந்த காற்று மெஷின் ஒரே சீராக ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருந்தது. பையனின் விரல்கள் நாற்காலிக் கையில் மெல்லத் தட்டின. பயத்தில் இருப்பவர்கள் நகத்தைக் கடிப்பார்கள். இவனால் அது முடியாததால் வேறொன்று வந்தது. மெஷினின் ம்ம்ம்மைச் சுருதியாகப் பிடித்துக்கொண்டு, தான் செய்வது இன்னதென்று தெரியாமலே, தொண்டைக்குள் முணுமுணுத்தான். மூச்சு வாங்கினான். மெல்லிசாக ஒரு விசில்.

நீல விளக்கு அணைந்தது. டாக்டரம்மா அப்படியே நின்றார்.

"இன்னொரு தடவை," என்றார்.

பையன் கண்ணை மூடிக்கொண்டான். கம்பவுண்டரும் மூடிக்கொண்டார்.

"நீதானா அது?"

பையன் வாயிலிருந்த பஞ்சோடு தலையாட்டினான். டாக்டரம்மா பஞ்சை எடுத்தார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அரை உதடு ஒரு பக்கம் போக, வார்த்தை இன்னொரு பக்கம் போனது.

"பேசாதே. மரத்த உதட்டைக் கடிச்சுக்குவ. சரியாகட்டும். அப்புறம் பேசலாம்," என்று சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். வாயை மூடிக்கொண்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து கம்பவுண்டர் இப்படி ஒரு மௌனத்தைக் கண்டதில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் கருவிகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வெளியே காத்திருந்த மகள் தலையை நீட்டினாள்.

"என்னப்பா, உள்ள சத்தமே காணோம்? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"உஷ்," என்றார் கம்பவுண்டர். அவள் உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டாள்.

பையன் உதட்டைத் தொட்டுப் பார்த்தான், கிள்ளிப் பார்த்தான். கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அது தப்பு, டாக்டர்."

"எது?"

"அந்த முணுமுணுப்பு. பாட வர்றவங்களுக்கு மெட்டு புரியறதுக்காக நான் முதல்ல பாடி வைக்கிறது. அப்புறம் எடுத்துடணும். மறந்துட்டேன். பாட்டு வெளிய போனப்புறம்தான் கவனிச்சேன். வெட்கமா போச்சு. அதை எடுத்துட்டு மறுபடி விடலாம்னு கம்பெனியில கேட்டுட்டு இருக்கேன்."

"எடுப்பியா? எடுத்துப் பாரு. பாட்டுல உசிரோட இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"அப்படி இல்ல டாக்டர். மூச்சை வெட்டினது தப்புதான், ஒத்துக்கிறேன். மூச்சை விட்டு வச்சா பழைய பாட்டு மாதிரி இருக்கும்னு சொன்னாங்க, பயந்துட்டேன். அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாடிச்சு. ஆனா ரெண்டாவது சரணத்தைப் பத்தி நீங்க சொன்னதுதான் சரியில்ல. மெட்டு அதேதான், அடியில போற தாளம் வேற. நீங்க கார்ல கேட்டீங்க, அதான் காதுல விழல."

கம்பவுண்டர் மகளைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மாவிடம் சரியில்லை என்று சொன்ன ஜீவன் அந்த அறையில் இதற்கு முன் படுத்ததில்லை.

"அந்தக் காமெடியன் விஷயமும் அப்படித்தான்," என்றான் பையன். ஆரம்பித்த பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. "மன்னிப்புக் கேட்ட வீடியோவை முழுசாப் பார்த்தீங்களா? அவன் ஷோவிலேயே நல்ல ஜோக் அதுதான். கேட்கிற மாதிரியே கேட்டு எல்லாரையும் இன்னொரு தடவை ஓட்டியிருக்கான்."

"நான் பாதிதான் பார்த்தேன்."

"மீதியையும் பாருங்க."

டாக்டரம்மா முக்காலியை இன்னும் முன்னால் இழுத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். நல்ல படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அப்படி இருக்கும். அப்படி ஒரு படம் வந்து வெகு காலமாயிற்று என்பார் அவர்.

"சரி, தாளம் வேறன்னே வச்சுக்குவோம். கேட்கிறவனுக்குத் தெரியாத தாளத்தைப் போட்டு யாருக்கு என்ன லாபம்?"

"ஆடுறவன் காலுக்குத் தெரியும் டாக்டர்."

"நான் ஆடல. நான் வண்டி ஓட்டறேன்."

"அப்ப அபிப்பிராயம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடிப் பார்க்கணும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பையனும் சிரித்தான். கை பழக்கதோஷத்தில் வாயை மறைக்கப் போனது.

"கையை எடு. பார்க்கட்டும்."

"முன்பல்லையும் இன்னிக்கே முடிச்சிடலாமா டாக்டர்?"

"இதை நான் தொட மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "கூர் இருந்தா லேசாத் தேய்ச்சு விடறேன், நாக்குல படாம. அதுக்கு மேல கிடையாது. அந்த விசிலை அடைச்ச பாவம் எனக்கு வேண்டாம்."

"கல்யாண போட்டோல அசிங்கமா இருக்குமேன்னு..." என்று சொல்லிவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். நல்ல வேளை, மரக்காத பக்கம்.

மகள் கண்ணை மூடினாள். கம்பவுண்டர் தரையில் ஏதோ தேடினார்.

டாக்டரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் புருஷனிடம் நின்றார். "ஏங்க, இந்தக் கிளினிக்ல எந்தப் பேஷண்டுக்காவது இதுவரைக்கும் கொப்பளிக்க வெந்நீர் கொடுத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"அப்பவே நினைச்சேன், இவன் யாரோ வேண்டப்பட்டவன்னு. தொப்பிக்காரன்னுதான் நினைக்கல." மகளிடம் திரும்பினார். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீதானேம்மா சொன்ன, வாசல்படியை மிதிக்கக் கூடாதுன்னு."

"சொன்னேன். அது அபிப்பிராயம். எதிர்த்து நாலு வார்த்தை கேட்டிருந்தா மாத்தியிருப்பேன். யாரு கேட்டீங்க? உங்கப்பா ஆமாம்மான்னுவார். நீ காதை அடைச்சுப்ப. இங்க வர்றவங்க ஆன்னுவாங்க." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "வருஷக்கணக்கா நான் தனியாப் பேசிட்டிருக்கேன். சண்டை போடக்கூட ஒரு ஆள் இல்லாம ஒருத்தி எத்தனை நாள் பேசுவா?"

மகள் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததை எடுத்துப் பைக்குள் போட்டாள். அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கம்பவுண்டர் வாயைத் திறந்தார். "ஆமாம்மா" என்று வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினார். யோசித்தார்.

"எனக்கு அந்த ரெண்டாவது சரணம் பிடிக்கும்மா," என்றார்.

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

பையன் எழுந்து நின்றான். "அப்ப டாக்டர், நான்..."

"சும்மா டாக்டர் டாக்டர்னு கூப்பிட்டுக்கிட்டு எங்கிட்ட சண்டை போடாதே. நல்லா இல்ல. அத்தைன்னு கூப்பிட்டுச் சண்டை போடு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, சாப்பாட்டுக்கு. அந்தத் தாளம் எங்க இருக்குன்னு எனக்கு நீ காட்டணும். இன்னிக்கு இந்தப் பக்கம் எதையும் கடிக்காதே."

"சரிங்க அத்தை," என்றான் அவன். உதடு இன்னும் முழுசாகத் தெளியாததால் அது கொஞ்சம் கோணலாக வந்தது. சிரித்தபோது கை வாயருகே போகவில்லை.

மகளும் அவனும் வெளியே போனார்கள். காத்திருந்தவர்களில் கன்னம் வீங்கிய ஒரு பெரியவரைக் கம்பவுண்டர் உள்ளே அழைத்து வந்தார். மகள் உள்ளே வந்ததிலிருந்து கதவு திறந்தே இருந்ததால் பெரியவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். நாற்காலியில் சாய்ந்ததும், வாயைத் திறப்பதற்கு முன் அவசரமாகச் சொன்னார்: "எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்குங்க. அந்தத் தொப்பிதான் பாட்டைக் கெடுக்குது."

டாக்டரம்மா ஊசியை எடுத்துவிட்டிருந்தார். அதைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"மரக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க," என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏன்?"